காலா லில்லிக்குக் குடை பிடிச்சேன்

இந்த டிசம்பர் லீவுல எனக்கு வந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஒரு பூச்செடிக்குத் தண்ணி ஊத்தாம இருக்கணும்.

ஆமாங்க. ஊத்தக் கூடாது. அவ்ளோதான் வேலை!

முடிச்சூர்ல எங்க மாடி போர்ஷன்ல ஸ்டெல்லா மிஸ் இருக்காங்க. சயின்ஸ் டீச்சர். ஊட்டியில இருந்து கிழங்கு கொண்டு வந்து காலா லில்லி வளர்க்கறாங்க. போன வருஷம் பூத்தப்போ என்னையும் என் மனைவி ரேவதியையும் கூப்பிட்டுக் காட்டினாங்க. ஒரே ஒரு வெள்ளை இதழ், வழவழன்னு சுருண்டு, நடுவுல மஞ்சளா ஒரு குச்சி. அசந்து போய் நான் பேசவே இல்ல.

அப்புறம் பேசினேன். அதான் தப்பு.

"பீச்ல கடலை மடிச்சுக் கொடுப்பாங்களே, அந்தப் பொட்டலம் மாதிரியே இருக்கு மிஸ்!"

அப்படிப்பட்ட என்னை நம்பித்தான் தொட்டியை விட்டுட்டு கிறிஸ்துமஸுக்கு மதுரை கிளம்பினாங்க.

"சார், குளிர்காலத்துல இது தூங்கும். இலையெல்லாம் மஞ்சளாகிக் காஞ்சுடும், பயப்படாதீங்க. கிழங்கு உயிரோடதான் இருக்கும். ஈரம் பட்டாதான் அழுகிடும். ஈஸ்டருக்குப் பூத்தா சர்ச் பீடத்துல வைக்கணும்."

"நம்ம ஊர்ல ஏது மிஸ் குளிர்காலம்?"

"அது செடிக்குத் தெரியாது சார். நீங்க போய் சொல்லிடாதீங்க."

அவங்க ஆட்டோ தெருமுனை தாண்டியிருக்காது, மழை பிடிச்சுக்கிச்சு! எங்க ஏரியாவுல மழைன்னா சும்மாவா? வெள்ளத்துக்குப் பயந்து தெருவே காரை மேடான இடத்துல நிறுத்த ஓடுது. நான் குடையோட, தொட்டி இருந்த மொட்டை மாடிக்கு ஓடினேன்.

எதிர்வீட்டு சார் ஜன்னல்ல இருந்து கத்தினார். "என்ன சார், தொட்டிக்குப் போய் குடை பிடிக்கறீங்க?"

"தூங்குது சார்!"

ஜன்னலைச் சாத்திட்டார்.

அடிச்ச காத்துல குடை மேல்பக்கமா மடங்கிடுச்சு. தொட்டி தொப்பலா நனைஞ்சாச்சு. அழுகிடுமே! கீழே தூக்கிட்டு வந்து, ஹால்ல மண்ணைக் கொட்டி, கிழங்குகளைத் தோண்டி எடுத்தேன். துடைச்சேன். ரேவதியோட ஹேர் டிரையரைக் காட்டினேன். கிச்சன் மேடையில பேப்பர் விரிச்சுக் காய வெச்சுட்டு, ஹாலைக் கழுவி முடிச்சுக் குளிக்கப் போனேன்.

வெளியே வந்தா குக்கர் விசில்!

தாம்பரம் வரைக்கும் போயிருந்த ரேவதி திரும்பி வந்துட்டா. மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம்.

"அதிசயமா நீங்களே காய் வாங்கிட்டு வந்திருக்கீங்களே! சேப்பங்கிழங்கு ரோஸ்ட் போடறேன். கழுவும்போதே கை அரிக்குது. நல்ல கிழங்கு."

"அடிப்பாவி! அது ஸ்டெல்லா மிஸ்ஸோட லில்லி!"

அந்த நேரம் பார்த்து போன் அடிச்சுது. மிஸ்ஸேதான்.

"சார், என் லில்லி எப்படி இருக்கு? தூங்குதா?"

"ஆழ்ந்த தூக்கம் மிஸ்."

இன்னொரு விசில்.

"அது என்ன சத்தம் சார்?"

பின்னாடி இருந்து ரேவதி, "குறட்டை மிஸ்!"

மறுநாள் அத்தனையும் குப்பைக்குப் போச்சு. பெருங்களத்தூர் வரைக்கும் நர்சரி நர்சரியா ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் மட்டும் ஆறுதலா சொன்னார்: "அந்த லில்லியா? பிளாஸ்டிக்ல கீது சார், தரட்டுமா?"

வாங்கிடலாமான்னு ஒரு செகண்ட் யோசிச்சேன்னு சொல்ல வெக்கமாத்தான் இருக்கு.

மிஸ் ஊர்ல இருந்து வந்ததும் கேக்கோட மாடி ஏறினேன். துணைக்கு ரேவதி. நடந்ததை ஒண்ணு விடாம சொன்னேன்.

"ஐயோ, சாப்பிட்டுட்டீங்களா? வாயெல்லாம் வெந்துடும்!" அதான் முதல்ல கேட்டாங்க.

"இல்ல மிஸ். கொட்டிட்டோம்."

ஒரு பெருமூச்சு விட்டாங்க. உள்ளே போய் ஒரு பேப்பர் கவரோட வந்தாங்க. திறந்தா, காஞ்ச தேங்காய் நாருக்குள்ள கும்முனு கிழங்குகள்!

"பூக்கற கிழங்கெல்லாம் நான் முன்னாடியே எடுத்துக் காய வெச்சுட்டேன் சார். தொட்டியில இருந்தது இன்னும் பூக்காத குட்டிங்க."

"அப்போ எதுக்கு மிஸ் என்கிட்ட விட்டுட்டுப் போனீங்க?"

"ரேவதிதான் கேட்டாங்க. லீவு விட்டா வீட்டுல நல்லா ஓடற ஃபேன், மிக்ஸி எல்லாத்தையும் கழட்டிடறீங்களாம். கெட்டுப் போனாலும் பரவாயில்லைங்கற மாதிரி ஒரு வேலை கொடுங்க மிஸ்னாங்க."

திரும்பிப் பார்த்தேன். ரேவதி பாதிப் படி இறங்கிட்டா.

வர்ற டிசம்பர்ல நான் லீவு போடறதா இல்ல.