நாலு கை வைத்தியம்

அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் குப்புறக் கிடந்த லாட்ஜ் முதலாளி நாறும்பூநாதன், தலைமாட்டில் விசிறியோடு அவர் மனைவி முப்பிடாதியம்மாள், கதவோரம் ராக்காவல்காரன் சங்கிலிப்பாண்டி. வரவேண்டியவன்: சங்கிலியோடு ஒரே வயிற்றில், ஒரே நாளில் பிறந்த சுடலைமாடன். அவன் வருவதில் ஒரே ஒரு சிக்கல்தான். அப்படி ஒருத்தன் பிறக்கவே இல்லை.

"ஐந்தருவிப் பாறையில வழுக்கிட்டுலே," என்று தலையணைக்குள் முனகினார் முதலாளி. "இடுப்புல சுளுக்கு. ரெட்டைப் பிறவி ரெண்டு பேரும் சேந்து வழிச்சு விட்டாத்தான் போவும். உன் தம்பியக் கூப்பிடு."

சங்கிலி கதவை ஒட்டி நகர்ந்தான்.

போன வருஷச் சாரலின்போது, அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில், தென்காசியில் மஜீது பாயின் கைலிக் கடையில் அவன் துணி மடித்துக்கொண்டிருந்ததை முதலாளி பார்த்துவிட்டார். ராக்காவல்காரன் பகலில் தூங்கியாக வேண்டும் என்பது லாட்ஜின் சட்டம். ராத்திரி வேறு வேலைக்குப் போகிறவன் வேண்டாம் என்பது மஜீது பாயின் சட்டம். வீட்டில் ஏழு வயிறு. அவற்றுக்குச் சட்டம் தெரியாது. "அது என்னோட ரெட்டை, மொதலாளி" என்று அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான்.

முதலாளி உருகிப்போனார். அதிலிருந்து மங்குஸ்தான் பழம் கொடுத்தாலும் ரெண்டு பங்கு. சங்கிலி ரெண்டையும் தின்றான். இன்றைக்கு ஒரு பேச்சு பிசகினால் ரெண்டு வேலையும் போய்விடும்.

"அவன் கடையில இருப்பான், மொதலாளி."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாய் எங்கலே கடை தொறக்காரு? இரு, பாய் வீட்டுக்கே ஆள் அனுப்புதேன்."

"ஐயோ வேண்டாம்! சுடலைக்குக் காய்ச்சல்."

முதலாளி தலையணையில் கன்னத்தைத் திருப்பினார். "ரெட்டையில ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா மத்தவனுக்கும் அடிக்குமே. உனக்கு அடிக்கலையா?"

"அடிக்குதே!" என்றான் சங்கிலி. உடனே நடுங்கவும் செய்தான்.

முப்பிடாதியம்மாள் எழுந்து போய் ஒரு செம்பு நிலவேம்புக் கஷாயம் கொண்டுவந்தாள். "குடி. ஒரு சொட்டு மிச்சம் வைக்கப்படாது."

குடித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது.

"தம்பிக்கும் ஒரு செம்பு ஊத்து," என்றார் முதலாளி. "வண்டியப் பூட்டச் சொல்லு. கஷாயத்தோட நானே உங்க வீட்டுக்கு வாரேன். அங்கன வச்சே வழிச்சு விடுங்க."

வீட்டுக்கா? சங்கிலியின் பெண்டாட்டிக்குப் பொய் வராது. கொழுந்தன் எங்கே என்று கேட்டால், எனக்கு ஏது கொழுந்தன் என்பாள்.

"மொதலாளி, அவன் வந்துட்டான்! வெளியதான் நிக்கான். கூச்சப்படுதான்."

"அப்பக் கூட்டிட்டு வாலே. நான் திரும்ப முடியாது. கழுத்தும் புடிச்சிருக்கு."

கழுத்தும் பிடித்திருக்கிறது என்று கேட்டதில் சங்கிலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மீதி இருந்தது முப்பிடாதியம்மாள். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பாவம், புருஷன் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை போலும்.

வெளியே போய், காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து உள்ளே வந்தான். "கும்பிடுதேன் மொதலாளி," என்றான் மூக்கால்.

"யாரு, சுடலையா? தொண்டை கட்டியிருக்கே."

"காய்ச்சல்லா."

ஒரு பக்கம் சங்கிலி எண்ணெய் போட்டான், மறுபக்கம் சுடலை தேய்த்தான். "மெதுவாலே" என்று தொண்டையால் அதட்டினான். "எனக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்று மூக்கால் பதில் சொன்னான்.

"சுடலை," என்றார் முதலாளி, "உள்ளதச் சொல்லு. உங்க அண்ணன் காவல் நேரத்துல தூங்குதானாமே?"

சங்கிலியின் கை நின்றது. இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தான். மூக்கு முந்திக்கொண்டது.

"தூங்கத்தான் செய்யுதான், மொதலாளி. பகல் முழுக்க நின்னுக்கிட்டே இருந்தா வேற என்ன செய்வான்? அவனும் மனுஷன்தானே."

"ஏ சண்டாளா!" என்று தொண்டை பதறியது.

"அடிச்சுக்கிடாதீங்கலே. இப்ப நாலு கையும் ஒண்ணா வச்சு ஒரே அமுக்கா அமுக்குங்க. அப்பத்தான் போவும்."

நாலு கை! சங்கிலி கட்டிலில் ஏறினான். ரெண்டு கையை மேலே வைத்தான், ரெண்டு முழங்காலைக் கீழே வைத்தான், கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினான். கட்டில் அலறியது. முதலாளியும் அலறினார்.

"போயிட்டு! சுளுக்கு போயே போயிட்டு! எறங்குங்கலே, ரெண்டு பேரும் எறங்குங்க!"

சங்கிலி இறங்கினான். பிழைத்தோம் என்று ஒரு மூச்சு விட்டான். சுடலைக்கும் சேர்த்து இன்னொரு மூச்சு விட்டான்.

முப்பிடாதியம்மாள் அவன் முதுகில் கைவைத்துப் பக்கத்து அறைக்குள் தள்ளினாள். உள்ளே பாய் விரித்து, தலையணை போட்டு, சோறும் குழம்பும் மூடி வைத்திருந்தது.

"ஏ சங்கிலி, அவுகளுக்குச் சுளுக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ ஒத்த ஆளுதான்னு மஜீது பாய் போன மாசமே வந்து சொல்லிச் சிரிச்சுட்டுப் போயிட்டாரு. ரெண்டு வேலையும் உனக்குத்தான், எங்கயும் போவாது. இன்னைக்குக் காவலுக்கு உன் தம்பி நிக்கட்டும், நீ தின்னுட்டுத் தூங்கு."

கதவைச் சாத்தி, வெளியே பூட்டிவிட்டுப் போனாள்.