ஃபெயில் சார் போட்ட ஒரே பாஸ்

காஞ்சிபுரத்தில் ஃபெயில் சாரிடம் பாஸ் வாங்கியவள் நான் ஒருத்திதான், அதுவும் ஒரே ஒரு முறை. வரதராஜப் பெருமாளே வந்து ஆன்லைன் பாடம் நடத்தியிருந்தாலும், "பட்டனுக்குப் பேரு இல்ல, ஃபெயில்" என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவு வீட்டு மாடியில் எங்கள் அலுவலகம். ஆன்லைன் பாடங்கள் தயாரிப்போம். பார்வையில்லாதவர்களும் அவற்றைப் படிக்க முடிகிறதா என்று சோதிப்பது சாரின் வேலை. அவருக்கும் பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் அவர் காதில் படிக்கும்; திரையிலுள்ள பட்டனுக்குப் பேர் எழுதாவிட்டால் வெறும் 'பட்டன்' என்று மட்டும் சொல்லும். அது படிக்கும் வேகத்தில் எங்களுக்குக் கொசு பாடுவதுபோல் கேட்கும். அவருக்கோ அந்த வேகமும் போதாது.

சோதித்ததோடு விடமாட்டார். ஒவ்வொரு பாடத்தையும் கடைசிவரை படித்துப் பரீட்சையும் எழுதுவார். தேனீ வளர்ப்பு, பிள்ளைத்தாய்ச்சி உணவு, ப்ளவுஸ் தைப்பது எல்லாவற்றிலும் சான்றிதழ் வைத்திருந்தார்.

"உங்களுக்கு எதுக்கு சார் ப்ளவுஸ்?" என்று கேட்டேன்.

"ஐயம்பேட்டைல ரூமுக்குப் போனா பேச யாருமா இருக்காங்க? இதுல ஒரு அம்மா பேசிக்கினு இருக்குது இல்ல."

கம்ப்யூட்டர் படித்துச் சொல்வதற்காகப் படங்களுக்கு விளக்கம் எழுதுவது என் வேலை. அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. "ஒரு பெண் சிரிக்கிறாள்" என்று எழுதினால் கூப்பிடுவார்.

"யாரைப் பாத்துமா சிரிக்கிறா?"

"தெரியல சார். சும்மா சிரிக்கிறா."

"சும்மா சிரிக்கிறவள எப்படிமா நம்பறது? ஃபெயில்."

மதியம் நாங்கள் ஆறு பேரும் ஓட்டலுக்குப் போவோம். படியிறங்க அவருக்குச் சிரமம் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். தினமும் அதே படியேறித்தான் வேலைக்கு வருகிறார் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவர் சன்னலோரம் உட்கார்ந்து தனியாகத் தயிர்சாதம் சாப்பிடுவார்.

ஒருநாள் 'எங்கள் குழு' பக்கத்தில் அலுவலகத்தில் எடுத்த படம் ஒன்றைச் சேர்த்தோம். அவசரத்தில் தட்டினேன்: "ஆறு பேர் நின்று சிரிக்கிறார்கள்."

சார் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"ஏம்மா, போட்டோ எடுக்கசொல்ல நானும் நின்னேன் இல்ல? வெட்டிட்டாங்களா?"

யாரும் வெட்டவில்லை. ஓரத்தில் நின்றுகொண்டுதான் இருந்தார். தினமும் ஓட்டலில் ஆறு சாப்பாடு சொல்லிச் சொல்லிப் பழகிய புத்தி, ஆறு என்றே எழுதியிருந்தது. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

திருத்தி எழுதினேன்: "ஏழு பேர். ஓரத்தில் நீலக் கட்டம் போட்ட சட்டையில் ஒருவர், பட்டன்களை மாற்றிப் போட்டிருக்கிறார். கீழே தறிச் சத்தம் வரும் பக்கம் திரும்பி நிற்கிறார். ஏழு பேரில் அவர் சிரிப்புதான் பெரிது."

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதை மூன்று தடவை ஓடவிட்டுக் கேட்டார். மூன்றாவது தடவை வேகத்தைக் குறைத்துக் கேட்டார்.

"பட்டன் மாறியிருக்குதுன்னு அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாமா?" என்றவர், போட்டிருந்த சட்டையின் பட்டன்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாஸ்" என்றார்.

இப்போது சாருக்குப் பதிலாக அந்தச் சோதனையை ஒரு மென்பொருள் செய்கிறது. சாரின் பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை. நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன், பகலெல்லாம் பேச ஆள் கிடையாது. சில நாள் திரையை அணைத்துவிட்டு அந்தப் படத்தை மட்டும் கேட்கிறேன். நீலக் கட்டம் போட்ட சட்டை வரும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன்.