சம்பந்தியின் படகுக்கு டெல்லியில் வாங்கிய சங்கிலி

சத்தியம், சத்தியம், மூன்று தரம் சத்தியம்! இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. நம்பாதவர்கள் என் தலையில் அடித்துப் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் முடி இல்லாததால் அடிக்கவும் வசதி.

அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். டெல்லி இரும்புக் கடைத்தெருவான சாவ்ரி பஜாருக்குப் போய் ஒரு பாய்மரப் படகுக்கு நங்கூரச் சங்கிலியும் கயிறும் வாங்கிவர வேண்டும்.

டெல்லியில் எங்கேடா படகு என்பீர்கள். படகு கொச்சியில். அதன் சொந்தக்காரர் என் சம்பந்தி. பாங்கு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரோ ஒரு வெள்ளைக்காரன் உலகம் சுற்ற வந்து, கொச்சியிலேயே அலுத்துப்போய், படகை இவர் தலையில் கட்டிவிட்டு விமானத்தில் போய்விட்டான். சின்னப் படகுதான். உள்ளே ரெண்டு பேர் படுக்கலாம், ஒரு ஸ்டவ் வைக்கலாம். நங்கூரம் இருந்தது. அதைக் கட்டிய சங்கிலி துருப்பிடித்து உதிர்ந்திருந்தது.

போன் பண்ணினார்.

"சம்பந்தி, டெல்லியிலதான் எல்லாச் சாமானும் கிடைக்குமே. ஒரு நல்ல சங்கிலியும் கயிறும் பார்த்து அனுப்புங்க."

"என்ன கனம், என்ன நீளம் சம்பந்தி?"

"நான் சொல்றதாவது! நீங்க கப்பல் லைன்ல இருந்தவர். உங்களுக்குத் தெரியாததா?"

இங்கேதான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

என் பெண் மாலதிக்கு வரன் பேசும்போது, "சாருக்கு என்ன உத்தியோகம்?" என்று கேட்டார்கள். "கப்பல் லைன். முப்பத்தோரு வருஷம்" என்றேன். அதுவும் பொய் இல்லை. கப்பலில் வேலை பார்த்தவர்களின் பென்ஷன் ஃபைல்களை டெல்லியில் உட்கார்ந்து முப்பத்தோரு வருஷம் கட்டி அவிழ்த்திருக்கிறேன். கயிறு அனுபவம் என்றால் அந்த ஃபைல் நாடாதான். கப்பலை நான் பார்த்தது காலண்டரில்.

இப்போது போய் "எனக்குத் தெரியாது" என்று சம்பந்தியிடம் சொல்ல முடியுமா? பெண் அந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடமாட வேண்டாமா?

"ஆழம் மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றேன், தொண்டையைக் கனைத்துக்கொண்டு.

"படகு நிக்கிற இடத்துல பதினஞ்சு அடி."

போனை வைத்ததும் என் மனைவி செண்பகம் கேட்டாள்: "கொடிக்கயிறு வாங்கிட்டு வாங்கன்னு போன மாசம் சொன்னேன். அதையே வாங்கத் தெரியல உங்களுக்கு. நங்கூரமா?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு எதிர் வீட்டு ராஜகோபாலைப் பார்க்கப் போனேன்.

ராஜகோபால் ஆடிட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் லக்ஷ்மிபாய் நகரில் யார் வீட்டில் கத்தரிக்காய் வாங்கினாலும் ஒரு ஆட்சேபணை சொல்லாமல் அனுப்பமாட்டார். விஷயத்தைச் சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"மூணு கடையில விலை வாங்கணும் சார். ஒப்பீட்டுப் பட்டியல் போடணும். அப்புறம்தான் கொள்முதல்."

சாவ்ரி பஜாரில் முதல் கடைக்காரர் கேட்டார்: "எருமைக்கா, ஊஞ்சலுக்கா?"

இரண்டாவது கடைக்காரரும் அதையேதான் கேட்டார்.

மூன்றாவது கடை லாலாஜி வயசானவர். "படகுக்கு" என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அச்சா. பம்பாய்க்காரங்க வந்து வாங்குவாங்க பாபுஜி. சுண்டுவிரல் கனம் சங்கிலி, நிறைய நீளம். அதுக்கு மேல வெள்ளை நைலான் கயிறு, அதைவிட நீளம். ஆழத்தைப் போல அஞ்சு மடங்கு, ஏழு மடங்கு எடுப்பாங்க."

இந்தாளு கடலே பார்க்காத டெல்லிக்காரர். இவர் என்ன எனக்குச் சொல்வது?

"லாலாஜி, நான் முப்பத்தோரு வருஷம் கப்பல் லைன்" என்றேன்.

அவர் கையைக் கூப்பிவிட்டு டீ குடிக்க ஆரம்பித்தார்.

ராஜகோபால் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "ஏழு மடங்கா? பதினஞ்சு அடி ஆழத்துக்கு நூத்தஞ்சு அடியா? மீதி தொண்ணூறு அடி தண்ணிக்குள்ள என்ன பண்ணும்? வீண் செலவு சார். நான் சர்வீஸ்ல இருந்தா ஆடிட் ரிப்போர்ட்ல ஆட்சேபணை பாரா போட்டுக் கிழிச்சிருப்பேன்."

நியாயமாகத்தான் பட்டது. கிணற்றில் வாளி இறக்க கிணற்று ஆழத்துக்குத்தானே கயிறு வாங்குகிறோம்?

"பதினஞ்சு அடி. முடிச்சுப் போட ஒரு அடி கூட" என்றேன் பெருந்தன்மையாக. "பத்தடி சங்கிலி, ஆறடி கயிறு."

"நீளத்துல மிச்சம் பிடிச்சோமில்ல? அதைக் கனத்துல போடுங்க" என்றார் ராஜகோபால்.

போட்டோம். கடையின் பின்புறம் கிரேன்காரர்கள் வாங்கும் சங்கிலி ஒன்று கிடந்தது. ஒவ்வொரு கண்ணியும் என் மணிக்கட்டு கனம். எடை போட்டபோது லாலாஜிக்கு என்ன தோன்றியதோ, என்னையும் தராசில் ஏற்றிப் பார்த்தார். சங்கிலி என்னைவிட இருபது கிலோ அதிகம்.

அடுத்து கயிறு. வெள்ளை நைலானின் ஒரு முனையை நானும் மறுமுனையை ராஜகோபாலும் பிடித்துக்கொண்டு சந்தில் நின்று இழுத்தோம். அது ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போனது. ராஜகோபாலும் பின்னால் போய்க்கொண்டே இருந்து, எதிர்க்கடைப் பித்தளைக் குழாய்க் குவியலில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொன்னார்: "நீளுது சார். தரமில்ல. ரிஜெக்ட்."

"பையா, அலை வந்தா அது நீண்டு கொடுக்கணும், அதுக்குத்தான்..." என்று லாலாஜி ஆரம்பித்தார்.

"கப்பல் லைன்" என்று ராஜகோபால் என்னைக் காட்டினார். லாலாஜி மறுபடி டீயை எடுத்துக்கொண்டார்.

இழுத்தால் ஒரு நூல்கூட நீளாத முரட்டுக் கயிறாகப் பார்த்து ஆறடி வெட்டி வாங்கினோம்.

வீட்டுக்கு ஆட்டோ. சங்கிலியைப் பின்பக்கம் ஏற்றி நாங்களும் ஏறியதும் முன்சக்கரம் தரையை விட்டு எழுந்து, குதிரை மாதிரி நின்றது. டிரைவர் சாவகாசமாகத் திரும்பிப் பார்த்தார். "பாபுஜி, ஒருத்தர் முன்னாடி வாங்க. இல்லேன்னா வானத்துல ஓட்டணும்."

நான் டிரைவர் மடியில் பாதி, ஹேண்டில்பாரில் பாதி. அந்தக் கோலத்தில் பார்த்ததும் ஒரு போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். சங்கிலியைக் கம்பால் தட்டினார்.

"யாரைக் கட்டிப்போட?"

"படகை."

"படகு எங்கே?"

"கொச்சியில."

"அப்போ சங்கிலி எதுக்கு டெல்லியில?"

இதை அவருக்கு முன்னால் யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் விழித்ததைப் பார்த்து அவர் குரலைத் தணித்துக்கொண்டு ராஜகோபாலிடம் கேட்டார்: "பெரியவர் வீட்டுல வேற யாராவது இருக்காங்களா? பத்திரமாக் கூட்டிட்டுப் போய் விடுங்க."

சங்கிலியும் கயிறும் ரயில் பார்சலில் கொச்சிக்குப் போய்ச் சேர்ந்தன.

சம்பந்தி போனில் நெகிழ்ந்துவிட்டார். "சம்பந்தி, நாலு பேர் தூக்கினோம். இதுவல்லவா சங்கிலி! படகு ஜெட்டியில மத்தவங்கள்லாம் சுண்டுவிரல் கனத்துல ஏதோ வெச்சிருக்காங்க. பார்த்தா எனக்குச் சிரிப்பா வருது."

ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டு, போட்டோகூட அனுப்பினார். செண்பகம் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கல்யாணத்துல எனக்குப் போட்ட சங்கிலிக்கு இதுல ஒரு கண்ணி கனம் இருந்திருக்கலாம்" என்றாள்.

பிறகு ஐப்பசி மழை வந்தது. கேரளாவில் வெள்ளம் என்று டி.வி.யில் சொன்ன அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படகு போனால் என் முப்பத்தோரு வருஷமும் சேர்ந்து போகும். மாலதியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வீட்டில் நாலு பேர் சிரிப்பார்கள்.

மறுநாள் காலை போன் வந்தது. சம்பந்திதான்.

"சம்பந்தி, நேத்து வெள்ளத்துல ஜெட்டியில இருந்த படகு ஒண்ணு பாக்கியில்ல. எல்லாம் இழுத்துக்கிட்டுக் கடலுக்குப் போயிடுச்சு."

"நம்ம படகு?" என்றேன்.

"ஒரு அங்குலம் நகரல. எங்க விட்டேனோ அங்கேயே இருக்கு. சங்கிலின்னா அது சங்கிலி! இருங்க, மாலதி பேசணுமாம்."

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஒரு அங்குலம் நகரலையாம்" என்று செண்பகத்திடம் சொன்னேன். கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, கேட்காமலே எனக்கு ஒரு காபி வந்தது. எதிர் வீட்டு ராஜகோபாலுக்கும் ஜன்னல் வழியாகக் கை காட்டிவிட்டேன்.

மாலதி ரகசியமாகப் பேசினாள்.

"அப்பா, பக்கத்துல அம்மா இருக்காளா?"

"இருக்கா. ஏம்மா?"

"மூஞ்சியை மாத்தாம கேளுங்க. படகு நகரலதான். ஆனா தண்ணி பத்தொன்பது அடிக்கு ஏறிடுச்சு. உங்க சங்கிலியும் கயிறும் சேர்ந்து பதினாறு அடி."

"சரி..."

"மேல வர முடியாம அங்கேயே மூழ்கிடுச்சு. இப்போ பாய்மரக் கம்பம் மட்டும்தான் தெரியுது. அது மேல ஒரு காக்கா உக்காந்திருக்கு."

நான் காபியை ஒரு வாய் குடித்தேன். "மாமனார் என்ன சொல்றார்?"

"அவரா? ஜெட்டியில நின்னுக்கிட்டு படகைத் தொலைச்சவங்களுக்கெல்லாம் உங்க பெருமையைச் சொல்லிட்டிருக்கார். 'உங்க படகு எங்கேன்னு உங்களுக்கே தெரியாது, என்னுது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், டெல்லி சம்பந்தி எடுத்த சங்கிலி'ன்னு. அதுல மூணு பேர் கடை விலாசம் கேக்கறாங்கப்பா."

படகை ஒரு வாரத்தில் தூக்கி, காயவைத்து, மறுபடி மிதக்கவிட்டார்கள். சம்பந்திக்கு இன்றுவரை என்மேல் அதே மரியாதை. விசேஷங்களில் எனக்குத்தான் முதல் பந்தி.

ஆகவே ஒரு விண்ணப்பம். கொச்சிப் பக்கம் போனால் இந்தக் கதையை யாரிடமும் சொல்லாதீர்கள். வாய் நிற்காமல் சொல்லித்தான் தீருவீர்களானால், ராஜகோபால் சொன்னதாகச் சொல்லுங்கள். அவருக்குச் சம்பந்தி யாரும் கிடையாது.