கிடைக்காத வேலைக்கு வந்த வாழ்த்துகள்

டெவென்டர்,
நவம்பர் 14

என்றும் என் மதிப்புக்குரிய தீனெகா அக்காவுக்கு,

உன் தம்பி ஹார்மென் வணக்கத்துடன் எழுதுவது. அத்தானின் முழங்கால் இப்போது தேவலையா? இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுதத் தெம்பில்லை.

விஷயம் ஃபென்னாவைப் பற்றியது. வடிவமைப்புப் படித்துவிட்டு என் மகள் இரண்டு வருடமாக வேலை தேடுவது உனக்குத் தெரியும். ஆகஸ்டில் ஒரு மழைக்கோட்டுக் கம்பெனி, 'எங்கள் அடுத்த கோட்டை வடிவமைக்க ஒருவர் தேவை, நிரந்தர வேலை' என்று விளம்பரம் போட்டது. கோட்டுக்கு ஒரு வரைபடம், சொந்தப் புகைப்படம், எங்களை ஏன் பிடிக்கும் என்று ஒரு கடிதம், மூன்றும் வேண்டுமாம். சாப்பாட்டு நினைவே இல்லாமல் மூன்று வாரம் வரைந்தாள். கடிதத்தில், 'பத்து வயதிலிருந்து உங்கள் கோட்டு இல்லாமல் நான் வெளியே போனதில்லை' என்று எழுதினாள். பத்து வயதில் அவள் போட்டது உன் மகன் போட்டுக் கழித்த ஏதோ ஒரு கோட்டு. வேலை கேட்கிறவர்கள் எழுதுவதுதானே என்று நானும் வாயைத் திறக்கவில்லை. அனுப்பினாள், பதிலே இல்லை. போன மாதம் பார்த்தால் பஸ் நிறுத்தத்துக்குப் பஸ் நிறுத்தம் போஸ்டரில் என் பெண் ஆளுயரத்துக்கு நின்று சிரிக்கிறாள், அக்கா! மேலே அந்தக் கடித வரி. கீழே, 'ஃபென்னாவுக்கு எங்களிடம் வேலை பார்க்க ஆசை. உங்களுக்கு எங்கள் கோட்டைப் போட ஆசையில்லையா?'

நம் ஆட்கள் படத்தைப் பார்த்தார்களே தவிர, எழுத்தை எவன் படித்தான்? வேலை கிடைத்தாயிற்று என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவருக்கு நல்லது நடந்தால் வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் கைகொடுத்து வாழ்த்துகிற ஜனமாயிற்றே! பல் டாக்டர் என் வாய்க்குள் கையை வைத்துக்கொண்டே வாழ்த்தினார், மறுக்கவும் முடியவில்லை. எதிர்வீட்டு வில்லெமீன் நல்ல சேதிக்கென்று தன் வாசலில் தேசியக் கொடியே ஏற்றிவிட்டாள். வாழ்த்து வாங்கியவன் கேக் வைக்க வேண்டுமே. "வேலை கிடைக்கலம்மா" என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "அட, சும்மா இருங்க! கேக்குக்குப் பயந்துதானே இப்படிச் சொல்றீங்க?" என்றாள். அதோடு விளக்குவதை விட்டுவிட்டேன். ஆப்பிள் கேக் வாங்குவது அதைவிடச் சுலபமாக இருந்தது. என் வீட்டுக்காரி எல்ஸ் வெட்கப்பட்டுக்கொண்டு கடைப்பக்கமே போவதில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள்.

"வேலைன்னு தனியா ஒண்ணும் இல்ல சார். அந்த அறிவிப்புதான் எங்க விளம்பரமே. ரெண்டாயிரத்து முந்நூறு பேர் எழுதியிருக்காங்க, நாடே எங்களப் பத்திப் பேசுது!"

"அப்போ கோட்டை யாரும்மா வரையறது?"

"அதான் ரெண்டாயிரத்து முந்நூறு வரைபடம் வந்திருக்கே சார்."

"எம் பொண்ணு படத்தைப் போட யாரைக் கேட்டீங்க?"

"விதிமுறையில இருக்கு, பதினாலாம் பக்கம். சந்தோஷப்படுங்க சார், அத்தனை பேர்ல உங்க பொண்ணு சிரிப்பத்தானே எடுத்திருக்கோம்!"

கோபம்கூட வரவில்லை, அக்கா. அலுப்புத்தான் வந்தது. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் படுத்துக்கொண்டேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். யூட்ரெக்ட்டில் ஒரு சின்ன நிறுவனத்தில் இரண்டு நேர்காணல் முடிந்து, ஃபென்னாவை எடுத்துவிடுவார்கள் என்றே இருந்தோம். அவர்களும் போஸ்டரைப் பார்த்துவிட்டார்கள். "உங்க மனசு அங்கதான்னு ஊர் பூரா ஒட்டியிருக்கே. நாளைக்கே அங்க ஓடிட்டா நாங்க என்ன பண்றது?" என்று கையை விரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஃபென்னா பென்சிலைத் தொடவில்லை. நேற்று கேட்கிறாள், "அப்பா, நான் வரைஞ்சத ஒருத்தராவது பிரிச்சுப் பார்த்திருப்பாங்களா?" ஒரு பிள்ளையின் ஆசையை ஓசியில் வாங்கி, அதையே காட்டிக் கோட்டு விற்கிறார்கள். இதற்கு விற்காமலே இருக்கலாம். நீங்கள் இருவரும் அந்தக் கோட்டை வாங்கவே கூடாது. உன் பாட்டுக் குழுவிலும் சொல்லிவை.

இந்தக் குளிர்காலம் உங்கள் மூட்டுகளுக்கு இரக்கம் காட்டட்டும். அத்தானுக்கு என் அன்பு.

உன் தம்பி,
ஹார்மென்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அந்தக் கம்பெனியிலிருந்து ஃபென்னாவுக்குப் போன். வடிவமைப்புப் பிரிவில் ஓர் ஆள் போய்விட்டாராம், திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வரச்சொல்கிறார்கள். "நிஜ வேலையா?" என்று மூன்று தடவை கேட்டாளாம், மூன்று தடவையும் ஆமாம் என்றார்களாம். போகாதே என்று சொல்லத்தான் மாடிக்கு ஏறினேன். அவள் முகத்தைப் பார்த்ததும், "அந்த நீலச் சட்டையைக் குடு, தேச்சு வைக்கிறேன்" என்றுதான் வாயில் வந்தது. பாட்டுக் குழுவில் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே, அக்கா. இஸ்திரிப்பெட்டி சூடாகிவிட்டது, நான் போகிறேன்.