எங்கே வைத்தாலும் மாக்கல்

“டால்க்” என்றது கருவியின் திரை. மூன்றாவது தடவையாக.

சத்யப்ரியா திரையைத் தட்டிப் பார்த்தாள். டால்க் என்றால் மாக்கல். கல்சட்டி கடைகிற கல். அவள் கருவியை வைத்திருந்ததோ அசல் கருங்கல் பாறைமேல். அகச்சிவப்பு ஒளியைக் கல்மேல் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை வைத்து இன்ன கனிமம் என்று சொல்லும் கருவி அது. நேற்றுவரை ஒழுங்காகத்தான் இருந்தது. மாக்கல் தேடி வெட்டி விற்கும் கம்பெனியில் சேர்ந்து அவள் தனியாகச் செய்யும் முதல் சர்வே இது.

“என்ன தாயி, நம்ம பாறையில ஏதாச்சும் இருக்கா?” என்றார் நிலத்துக்காரர் விருமாண்டி.

“மாக்கல்னு காட்டுதுண்ணே. மெஷின்ல ஏதோ கோளாறு.”

விருமாண்டியின் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. “ஏய் ஒச்சாயி! நம்ம காட்டுல மாக்கல் இருக்காம்டி!” என்று மனைவியைக் கூப்பிட்டார்.

சத்யப்ரியா கருவியின் கண்ணாடியைத் துடைத்து, சூடு ஆறட்டும் என்று டிரைவர் கருத்தக்கண்ணனிடம் கொடுத்து ஜீப்பில் வைக்கச் சொன்னாள். பத்து நிமிடம் கழித்து வாங்கி, ஒச்சாயி வீட்டு அம்மிமேல் வைத்தாள்.

டால்க்.

“அம்மியுமா!” ஒச்சாயி மார்பில் கை வைத்தாள். “அதான் எம்புட்டு அரைச்சாலும் மசிய மாட்டேங்குது! என் கையிலதான் வலு இல்லைன்னு இந்த மனுசன் இருவது வருசமாப் பேசுச்சு!”

சத்யப்ரியா மறுபடி துடைத்தாள். மறுபடி ஜீப். மறுபடி எடுத்தாள். கொட்டாம்பட்டி ரோட்டு ஜல்லி, டால்க். மாட்டுக்கொட்டகைச் செங்கல், டால்க். பதற்றத்தில் எருமையின் கொம்பிலேயே வைத்துப் பார்த்தாள். அதுவும் டால்க்.

“சந்தையில வாங்கும்போதே எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு” என்றார் விருமாண்டி, எருமையை முறைத்துக்கொண்டு.

வேறு வழியில்லாமல், கோச்சடையில் இருந்த முதலாளி பீமாராவுக்குப் போன் செய்தாள்.

“சார், எங்க வச்சாலும் டால்க்னு காட்டுது. மெஷின்…”

“எங்க வச்சாலுமா!” பீமாராவுக்குக் குரல் தழுதழுத்தது. “யாருகிட்டயும் மூச்சு விடாத. இந்தா வாரேன்!”

ஒரு மணி நேரத்தில் ரோஜா மாலையோடு வந்து இறங்கினார். அதற்குள் விருமாண்டி கடலைச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“அதை ஏண்ணே புடுங்குறீங்க?” என்று ஓடினாள் சத்யப்ரியா.

“குழி தோண்ட எடம் வேணாமா தாயி?”

அவள் முதலாளியிடம் திரும்பினாள். “சார், மெஷின் கெட்டுப் போச்சு. நம்புங்க சார்!”

“வெளிநாட்டு மெஷின்மா. அது பொய் சொல்லாது” என்று மாலையை அவள் கழுத்தில் போட வந்தார் பீமாராவ்.

அவளுக்கு அழுகை முட்டியது. இனி ஒரே வழிதான். கருத்தக்கண்ணன் கையிலிருந்து கருவியைப் பிடுங்கி, முதலாளியின் வழுக்கைத் தலையில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள்.

டால்க்.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு தலையைப் பார்த்தார்கள்.

“அய்யாவ எங்குட்டு இருந்து தோண்ட ஆரம்பிக்கிறது?” என்று கேட்டார் விருமாண்டி.

பீமாராவின் கையிலிருந்து மாலை நழுவியது. “இந்த மெஷினை யாருடா என்ன பண்ணீங்க?” என்று கத்தினார்.

கருத்தக்கண்ணன் தலையைச் சொறிந்தான்.

“கெடுதலா ஒண்ணும் பண்ணல சார். ஏசி ஜீப்ப விட்டு வெளிய எடுத்தாலே, பாவம், அந்தக் கண்ணாடிக்கு வேர்த்து வேர்த்துக் கொட்டுச்சு. அதான் ஒவ்வொரு தடவையும் பச்சப்புள்ளைக்குப் போடுற மாதிரி டால்கம் பவுடர் போட்டு விட்டேன்.”