முன்னால் போகிறவனுக்கு யோசனை சொல்கிறவர்

காலை ஆறரை மணிக்குச் செய்தி வந்தது: பாலு போய்விட்டான். ஏழு மணிக்குள் யோசனைகள் வந்து சேர்ந்துவிட்டன.

ஐஸ் பெட்டியை வாசலில் வைக்கக் கூடாது, வெயில் ஏறும். கூடத்தில் வைத்தால் மாலை போடுகிறவர்கள் சுற்றி வர இடமிருக்காது. ஷாமியானாவைக் கிழக்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் இறக்கிக் கட்டினால் நல்லது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் வண்டி மாட்டிக்கொள்ளும், உள்ரோடு வழியாக விடச் சொல்லுங்கள். இவ்வளவும் ஒரே மனிதர் சொன்னது. அவர் பெட்டியின் எந்த மூலையையும் பிடிக்கவில்லை. பிடித்தவர்களுக்கு, எந்தக் கையை எங்கே கொடுத்தால் முதுகு பிடிக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசகரே, இன்று நான் உங்களுக்குக் காட்ட விரும்பும் உயிரினம் இவர்தான். யோசனைக்காரர். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரை எந்தத் தெருவிலும் கிடைப்பார். கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டினால் ஓரத்தில் நிற்பார். நீங்கள் காரைப் பின்னால் எடுத்தால், எங்கிருந்தோ முளைத்து, 'ஒடி, ஒடி, ஒடி' என்பார். சுவரில் இடித்தால், 'நான் அப்பவே சொன்னேன்' என்பார். சொன்னாரா? சொல்லியிருப்பார். எல்லாத் திசையையும் சொன்னவர் சரியான திசையையும் சொல்லித்தானே ஆக வேண்டும்!

ஆனால் இவை தற்காலிகத் தங்குமிடங்கள். இவரை இயல்பான சூழலில் காண, போனில் ஐந்து பேரும் ஐந்து பேரும் மோதிக்கொள்ளும் அந்த அரங்க விளையாட்டுக்கு வர வேண்டும். அதை ஆடாதவர்களும் பயப்பட வேண்டாம், விஷயம் எளிது. ஆளுக்கு ஒரு வீரனை எடுத்துக்கொண்டு எதிரியின் கோட்டையை உடைக்க வேண்டும். சண்டை போட்டால் தங்கம் வரும். தங்கத்தைக் கொண்டுபோய்க் கடையில் பொருள் வாங்க வேண்டும். ஆளுக்கு ஆறு பொருள்தான் வைத்துக்கொள்ளலாம். ஐவரில் ஒருவன் முன்னால் போவான். அவனை டேங்க் என்பார்கள். அவனுடைய வேலை அடி வாங்குவது. பின்னாலிருப்பவர்கள் சுட்டுப் பெயர் வாங்குவார்கள். இவனுக்குத் தங்கமும் குறைவு, பாராட்டும் குறைவு. எனவே கிடைக்கும் சொற்பத் தங்கத்தில் எந்தக் கவசம் வாங்குவது என்று யோசித்து வாங்க வேண்டும். இந்த வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். இந்த வேலை செய்பவனுக்கு யோசனை சொல்ல ஆள் கிடைப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை.

எங்கள் குழுவில் முன்னால் போனவன் பாலு. ராஜகீழ்ப்பாக்கத்தில் பெயின்ட் கடை வைத்திருந்தான். பின்னால் நின்று சுட்டவர் ஸ்ரீரங்கன், கிண்டியில் ஒரு கம்பெனியில் மேனேஜர், எங்களில் மூத்தவர், நம் கட்டுரையின் நாயகர். நடுவில் உதயா, அனுப்பிரியா, நான்.

ஸ்ரீரங்கன் ஆட்டத்தில் உயிரோடிருக்கும்போது யோசனை சொல்ல மாட்டார். சுடவே நேரம் சரியாக இருக்கும். செத்ததும் அவருடைய திரை சாம்பல் நிறமாகிவிடும். மறுபடி பிழைத்து வரும்வரை வேலை இல்லை. அப்போதுதான் பாலு என்ன வாங்குகிறான் என்று பார்ப்பார். செத்த பிறகு ஒரு மனிதருக்கு இவ்வளவு அறிவு பெருகுவதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

"பாலு, தப்பா எடுத்துக்காதே. அவங்ககிட்ட மேஜிக் ஜாஸ்தி. குடை வாங்கு."

"சரி சார்."

"போன மேட்ச்லயே சொன்னேன்."

"ஆமா சார், சொன்னீங்கோ."

"இப்போ என்ன வாங்கியிருக்கே?"

"முள்ளு சட்டை சார்."

"ஏன்பா?"

"அந்தக் கத்திக்காரன் அனுவயே தொரத்திகினு கீறான் சார். எம்மேல வந்து குத்தட்டும்னுதான்."

குடையும் முள்ளு சட்டையும் பாலு வைத்த பெயர்கள். விளையாட்டில் அவற்றுக்கு வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர்கள் உண்டு. குடை, பக்கத்தில் நிற்கும் எல்லாரையும் மந்திர அடியிலிருந்து காக்கும். முள்ளு சட்டையைக் குத்தினால் குத்தியவனுக்கே பாதி திரும்பும். பாலு கடைக்குப் போகுமுன் ஒரே ஒரு விஷயத்தைப் பார்ப்பான்: நம்மில் யார் அதிகம் அடி வாங்குகிறார்கள்? அதற்கேற்ப வாங்குவான். எல்லா யோசனைக்கும் 'சரி சார்' சொல்வான்.

ஜெயித்தால் ஸ்ரீரங்கன், "பார்த்தியா, குடை எப்படி வேலை செஞ்சுது!" என்பார்.

"குடையே வாங்கல சார்."

"வாங்கியிருந்தா இன்னும் சீக்கிரம் முடிஞ்சிருக்கும்."

அதற்கும் பாலு 'சரி சார்' என்பான்.

படப்பையில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி என்று கேள்விப்பட்டு, எங்கள் ஐவரையும் 'பாலு பெயின்ட்ஸ்' என்ற பெயரில் பதிவு செய்தது பாலுதான். பிறகு அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அவனுக்குப் பப்பாளி இலைச்சாறு குடி என்றும், குடிக்காதே என்றும், ஏசிக் காற்று ஆகாது என்றும் யோசனைகள் வந்தன. சரி சார், சரிக்கா, சரிண்ணா என்று எல்லாருக்கும் சொன்னான். அதன் பிறகு அந்த ஆறரை மணி.

காரியம் முடிந்த மாலை, அவன் தங்கை தமிழினி எங்களிடம் வந்தாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம படப்பைல மேட்ச் கீது. நீங்க போவலன்னா போர்டுல அண்ணன் பேருக்கு நேரா 'வரவில்லை'ன்னு எழுதிடுவாங்க."

உதயா அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"வரேன்னு சொல்லிட்டு அவன் எங்கயும் வராம இருந்ததில்ல. அந்த வார்த்த மட்டும் வாணாம். தோத்தாலும் பரவால்ல. நான் வரேன். பின்னாடி நின்னு சுடுறேன். முன்னாடி ரங்கா சார் போவட்டும். அவருக்குத்தான் எல்லா ஐட்டமும் தெரியுமே."

கேலி செய்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தோம். இல்லை. பாலுவின் போனை ஸ்ரீரங்கன் கையில் கொடுத்தாள். பாலு ஆடிய வீரன் அதில்தான் இருந்தான்.

மண்டபத்தில், மணமேடைக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து ஆடினோம். ஸ்ரீரங்கன் வாழ்க்கையில் முதல்முறையாக முன்னால் போனார். போனவுடன் செத்தார். திரை சாம்பல் நிறமாயிற்று. பழக்கப்படி எல்லாரும் காதைத் தீட்டினோம். யோசனை வரவில்லை. வந்தது வேறு.

"இப்போ நான் என்ன வாங்கறது?"

இதை அவர் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் விடுவோமா?

"முள்ளு சட்ட சார், கத்தி அடி தாங்கல!" என்றான் உதயா.

"குடை சார், குடை! நீங்கதான சொல்வீங்க?" என்றாள் அனுப்பிரியா.

நான், முதலில் வேகமாக ஓட பூட்ஸ் வாங்கச் சொன்னேன். நியாயமான யோசனை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

இங்கே ஒரு தொழில் விவரம். பெரிய பொருள்களை ஒரேயடியாக வாங்க முடியாது. உதிரிகளாக வாங்கிச் சேர்த்து, கடைசித் துண்டையும் வாங்கினால்தான் முழுப் பலன். பாலு ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவான். ஸ்ரீரங்கனோ பண்பாளர், யார் மனமும் நோகக் கூடாது என்று உதயாவுக்காகச் சட்டையில் பாதி, அனுவுக்காகக் குடையில் பாதி, எனக்காக பூட்ஸில் பாதி, தன் பழைய கொள்கைகளுக்காக வேறு சிலவற்றில் பாதி என்று வாங்கி ஆறு இடத்தையும் நிரப்பிவிட்டார். இனி எதையாவது விற்றால்தான் இன்னொன்றை வாங்க முடியும். எதை விற்பது? எதிரிகள் எங்கள் கோட்டை வாசலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் டேங்க், கடை வாசலில் நின்று, விற்பதும் வாங்குவதும் மறுபடி விற்பதுமாக இருந்தார்.

"சார்! இன்னா சார் பண்றீங்க அங்க?" என்றான் உதயா.

"ஒரு நிமிஷம்பா. முள்ளு சட்டையா, குடையா..."

"ஒண்ணும் வாணாம் சார்," என்றாள் தமிழினி. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருக்கறதோட வாங்க. சும்மா முன்னாடி வந்து நில்லுங்க சார். அது போதும்."

அவர் வந்தார். அரைச் சட்டையும் அரைக் குடையுமாக அவள் முன்னால் நின்றார். அதிக நேரம் நிற்க முடியவில்லை. ஆனால் ஒரு யோசனையும் சொல்லாமல் நின்றார்.

தோற்றோம். அமைப்பாளர் மார்க்கரை எடுத்துப் பலகையில் 'பாலு பெயின்ட்ஸ்' என்பதற்கு நேராகத் 'தோல்வி' என்று எழுதினார். தமிழினி அதைப் போட்டோ எடுத்தாள். எழுத்து சரியாக விழவில்லை என்று இன்னொன்று எடுத்தாள்.

"வந்தோம்ல?" என்றாள்.

வெளியே டீக்கடையில் உதயா சட்டையை முடித்திருக்க வேண்டும் என்று நிரூபித்தான். அனு குடையை நிரூபித்தாள். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த, எங்களை முன்பின் தெரியாத ஒருவர், முதலில் ஆளையே மாற்றியிருக்க வேண்டும் என்றார். ஸ்ரீரங்கன் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த போன் அம்மாவுக்கு வேணும். கேமை மட்டும் அதுலேர்ந்து அழிச்சி எடுத்துட்டுக் குடுங்க. எனக்கு எடுக்கக் கை வரல," என்றாள் தமிழினி.

"அப்படியே எடுக்கக் கூடாதும்மா, அதுக்கு முன்னாடி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "ரெண்டு நாள்ல தரேன்" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வாசகரே, நீங்கள் இந்த விளையாட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சற்று முன்புதான் குடை என்றால் என்ன, முள்ளு சட்டை என்றால் என்ன என்று தெரிந்துகொண்டீர்கள். ஆனாலும் கோட்டை வாசல் உடைந்துகொண்டிருந்தபோது ஸ்ரீரங்கன் எதை விற்று எதை வாங்கியிருக்க வேண்டும் என்று உங்களுக்கு ஒரு கருத்து உண்டாகிவிட்டது, இல்லையா? இந்தப் போன் விஷயத்திலும் ஒன்று உண்டாகியிருக்கும். தயங்காமல் சொல்லுங்கள். நாங்கள் ஏற்கெனவே அவரிடம் ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறோம்.

போன் அவர் வீட்டில் இருக்கிறது. தினமும் சார்ஜ் போடுகிறார். கேமை இன்னும் எடுக்கவில்லை.