கருவாடு என்று கொஞ்சிய மிஸ்ஸி

பாராட்டுவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும். அது எனக்கு இல்லை என்பதை அரசாங்க உத்தியோகம் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, மருத்துவிச்சிப் பயிற்சி முடித்த கையோடு மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். தோட்டத்தில் என்னை ‘மிஸ்ஸி’ என்றார்கள். மாதம் ஒருமுறை பிள்ளைக் காம்பராவில் (தாய்மார் கொழுந்து பறிக்கப் போகையில் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்) தராசைத் தொங்கவிட்டுக் குழந்தைகளை நிறுப்பேன். மெலிந்த பிள்ளைக்குச் சத்துமா, வயிற்றோட்டம் என்றால் உப்புச் சீனிக் கரைசல், நெஞ்சுச் சளி என்றால் ஆஸ்பத்திரிக்குத் துண்டு.

வருகிறவர்கள் குறைவு. அடுத்த மாதம் கண்டியிலிருந்து டொக்டர் அம்மா வந்து பார்ப்பார், கூட்டம் இல்லாவிட்டால் நிறுவையை வத்தேகமவுக்கு மாற்றிவிடுவார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வேலையை விட்டு, பஸ் ஏறி, அவ்வளவு தூரம் யார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள்? பேசாமல் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்க் கூப்பிட்டிருக்கலாம். நானோ ‘கொழுகொழு குழந்தைப் போட்டி’ வைத்தேன்.

கோயில் ஒலிபெருக்கியை இரவல் வாங்கினேன். முதற்பரிசு லெட்சுமியின் மகனுக்கு. அவனைத் தூக்கிப் பிடித்து, “இந்தத் தொடையைப் பாருங்கோ, இந்தக் கன்னத்தைப் பாருங்கோ, பூசணிக்காய் மாதிரி” என்று எதிர்மலைக்கும் கேட்கும்படி முழங்கினேன். ஒருவரும் கைதட்டவில்லை. (புகழ்ந்தால் நாவூறு படும் என்ற பயம் எங்கள் ஊரிலும் உண்டு, எனக்குத் தெரியாததல்ல. ஆனால் படித்துச் சான்றிதழ் வாங்கிய திமிர் இருந்ததே.)

அன்று பின்னேரமே பூசணிக்காய்க்கு வயிற்றோட்டம். பரிசளிப்பில் பல கைகள் மாறி வந்த லட்டுதான் காரணம் என்று மன்றாடிப் பார்த்தேன். கரைசலைக் குடித்து அவன் மறுநாளே எழுந்து தவழ்ந்தான். ஆனாலும் மிஸ்ஸியின் கண் பொல்லாத கண் என்பது தோட்டம் முழுக்க முடிவாகிவிட்டது.

டொக்டர் அம்மா வந்த நாளில் ஒருவரும் வரமாட்டார்கள் என்றே நினைத்தேன். ஆச்சரியம், காம்பரா நிறையத் தாய்மார். நிறுவை வத்தேகமவுக்குப் போய்விடும் என்ற செய்தி லயங்களுக்கும் எட்டியிருந்தது. ஆனால் குழந்தைகளின் கோலம் சொல்லி முடியாது. நெற்றி, கன்னம், உள்ளங்கால் எங்கும் கறுப்புப் பொட்டு. உடம்பில் அண்ணன்மாரின் கிழிந்த சட்டை.

“பிள்ளை என்ன சாப்பிடுது?” என்று டொக்டர் லெட்சுமியிடம் கேட்டார்.

“எங்கங்க சாப்புடுது? ஒண்ணும் எறங்கல. எலும்பும் தோலுமாப் போச்சு.”

அந்த எலும்பும் தோலும் மடியிலிருந்தபடி ஒரு ரொட்டியை முடித்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டியது.

“எம்புள்ள அதவிட மோசங்க,” என்றாள் பக்கத்திலிருந்தவள்.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். “என்ன மிஸ், தோட்டம் முழுக்கப் பட்டினியா? நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள்?”

“இல்லை டொக்டர், எல்லாம் நல்ல பிள்ளையள். நிறுத்துப் பாருங்கோ,” என்றேன்.

‘நல்ல’ என்று என் வாயிலிருந்து வந்ததும் அத்தனை முந்தானைகளும் குழந்தைகளை மூடின. யாரும் தராசுப் பக்கம் வரவில்லை.

“மிஸ்ஸி சொவத்தப் பாத்து நின்னா வைக்கிறோங்க,” என்றாள் லெட்சுமி.

நான் சுவரைப் பார்த்து நின்றேன். சுண்ணாம்பு உரிந்த சுவர். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“இது சரிவராது. வத்தேகமவுக்கே மாற்றுவோம்,” என்று டொக்டர் பையை மூடும் சத்தம் கேட்டது.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. திரும்பி, லெட்சுமியின் மகனைப் பிடுங்கித் தூக்கினேன். “இதென்ன பிள்ளை? காய்ஞ்ச கருவாடு. மூக்கைப் பார், குரங்கு மூக்கு. இதை ஆர் பிள்ளை எண்டு சொன்னது?”

டொக்டர் பையைக் கீழே வைத்தார். லெட்சுமியின் முகமோ மலர்ந்துவிட்டது. “ஆமாங்க மிஸ்ஸி, கருவாடேதாங்க,” என்று அவளே அவனை வாங்கித் தராசில் வைத்தாள்.

பிறகு வரிசை தானாகவே நின்றது. வௌவால், ஓணான், ஓட்டைக் கூடை என்று ஒவ்வொரு பிள்ளையையும் திட்டித் திட்டி நிறுத்தேன். வசவு தீர்ந்து நான் தடுமாறியபோது டொக்டரே, “அடுத்ததை நான் சொல்லட்டுமா?” என்று கேட்டார். உண்மையாகவே மெலிந்திருந்த பிள்ளைகளும் அன்றுதான் தராசில் அகப்பட்டார்கள், அவர்களுக்குச் சத்துமா கிடைத்தது. நிறுவை தோட்டத்திலேயே நிலைத்தது. எனக்கு அன்றிருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் வாய் பழகிவிட்டது. பல வருடங்களுக்குப் பிறகு கண்டியில் என் மகளுக்குக் கல்யாணம். கூறை உடுத்து அவள் வெளியே வந்தாள். கம்பளையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், தாய் என்ன சொல்லப்போகிறாள் என்று என்னையே பார்த்தார்கள். அழகு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“என்னடி இது,” என்றேன், “வயலில நிக்கிற வெருளி மாதிரி?”

சம்பந்தியம்மா திகைத்துப்போய்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். “பயப்படாதீங்க மாமி,” என்றாள் மகள். “அம்மா இவ்வளவு நல்லா என்னைப் புகழ்ந்ததே இல்ல.”

சம்பந்தியம்மா இன்றும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறார். போன மாதம் கம்பளைக்குப் போனேன். வாசலில் என்னை மேலும் கீழும் பார்த்து, “வாங்க சம்பந்தி, கெழட்டு ஆந்த மாதிரி ஆயிட்டீங்களே,” என்றார்.

அவ்வளவு அன்பாக என்னை யாரும் வரவேற்றதில்லை.